‘வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்’ என்பது பாதுகாப்புத் திட்டம் ஆகாது

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைக்கும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி மாநிலத் திட்ட இயக்ககத்துக்கும், முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும்:

வணக்கம்.

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள ஒரு பிள்ளை வகுப்பில் யாரையாவது அடித்தால், கடித்தால், அடுத்து நடப்பது பெரும்பாலும் நான்கில் ஒன்று. அம்மாவுக்குப் போன் போகிறது, வந்து கூட்டிப்போகச் சொல்கிறார்கள். அல்லது நாளையிலிருந்து அம்மா வராண்டாவிலேயே உட்கார வேண்டும் என்கிறார்கள். அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிள்ளையைத் தரையில் அமுக்குகிறார்கள். அல்லது காலியாக இருக்கும் ஓர் அறையில் விட்டு வெளியே தாழ் போடுகிறார்கள். இதைச் செய்கிறவர்கள் கொடியவர்கள் இல்லை. அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று எழுதிவைத்த ஒரு தாள் அந்தப் பள்ளியில் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கும் அடியைக் குறைப்பதில்லை, வளர்க்கின்றன. பின் இரண்டும் உயிரையே எடுக்கக்கூடியவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காயம் நிஜமானது. எட்டாம் வகுப்பு உடம்போடு ஒரு பையன் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்தால் அது விளையாட்டில்லை. கடிபட்டுத் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். “பாவம், தெரியாம பண்ணிட்டான்” என்று அடிபட்ட பிள்ளையின் பெற்றோர் வாயை அடைப்பது நியாயமில்லை. சிறப்புக் கல்வியிலும் தெரபியிலும் வேலை செய்யும் எங்கள் துறையில் சிலர் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். பேசாமல் விட்டதன் விலையைச் சிறப்புக் குழந்தைகளே கொடுக்கிறார்கள்: மற்றப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய மனு, டி.சி., வீடு.

வீட்டுக்கு அனுப்புவதில் என்ன கெடுகிறது? கணக்குப் பாடம் புரியவில்லை, மின்விசிறிச் சத்தம் தாங்கவில்லை, ‘முடியல’ என்று சொல்ல வார்த்தையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை முனகுகிறது, யாரும் பார்க்கவில்லை. நோட்டைத் தள்ளுகிறது, “எழுது” என்கிறார் ஆசிரியர். பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறது. இருபது நிமிடத்தில் அம்மா வந்துவிடுகிறார், கணக்கும் இல்லை, விசிறியும் இல்லை. அந்தப் பிள்ளை அன்று ஒரு பாடத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டது: முனகினால் வேலைக்காகாது, அடித்தால் ஆகும். பள்ளி அதைத் தண்டனை என்று நினைக்கிறது, பிள்ளைக்கு அது விடுதலை. இரண்டு மாதம் இப்படி நடந்த பிறகு திடீரென்று ஒருநாள் “இனி அனுப்ப மாட்டோம்” என்று முடிவு செய்தால், அடி முதலில் கூடத்தான் செய்யும். நேற்றுவரை வேலை செய்த சாவி இன்று திறக்கவில்லை என்றால் பலமாகத் திருகுவோம், அதுபோல. அந்த உச்சத்தில் பயந்துபோய் மறுபடி அம்மாவுக்குப் போன் செய்தால், இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்பது உறுதியாகிவிடும். எனவே நிறுத்துவதற்கு முன் மாற்று வழியைக் கையில் கொடுத்தாக வேண்டும்.

மாற்று வழி பெரிய செலவில்லை. உள்ளங்கை அகல அட்டை ஒன்று, அதில் கதவின் படம் அல்லது ‘போதும்’ என்ற சொல். அதைத் தொட்டால் இரண்டு நிமிடம் வெளியே போய் உட்காரலாம். முதல் சில வாரம் எத்தனை முறை தொட்டாலும் உடனே விட வேண்டும். இங்கேதான் பள்ளிகள் தடுக்கி விழுகின்றன. “எப்பப் பாத்தாலும் காட்டிக்கிட்டே இருக்கான், அதான் எடுத்து வெச்சுட்டேன்” என்பார்கள். அதிகம் காட்டுவது தோல்வி இல்லை, அட்டை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அடி நின்று வாரங்கள் ஆன பின், “ஒரு கணக்குப் போட்டுட்டுப் போ” என்று காத்திருப்பை ஐந்து விநாடி, பத்து விநாடி என்று நீட்டலாம். வெளியே போய் வந்ததும் விட்டுப்போன வேலையில் ஒரு துண்டாவது செய்ய வைக்க வேண்டும், பத்துக் கணக்கில் இரண்டு.

எதற்காக அடிக்கிறான் என்று கண்டுபிடிக்காமல் அட்டை கொடுத்தாலும் பயனில்லை. தப்பிக்க அடிக்கும் பிள்ளைக்கு வேண்டியது வேறு, கவனம் வேண்டி அடிக்கும் பிள்ளைக்கு வேண்டியது வேறு, கையில் இருந்ததைப் பிடுங்கியதற்கு அடிப்பதும் தலையை மோதினால் உடம்புக்கு இதமாக இருப்பதால் மோதுவதும் வேறு வேறு. இதை அறிய பள்ளியில் இன்று இருக்கும் பதிவு உதவாது. ‘மாணவன் மிகவும் அடம், முரட்டுத்தனம், சக மாணவர்களைத் தாக்கினான், பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தில் தகவல் என்று ஒன்றுமே இல்லை. பயன்படும் பதிவு இப்படி இருக்கும்:

‘12.35. சத்துணவு வரிசை. முன்னால் முப்பது பேருக்கு மேல். தட்டு ஒன்று சிமென்ட் தரையில் விழுந்தது. இரண்டு காதையும் பொத்தினான். பின்னால் நின்றவன் நகரச் சொல்லித் தள்ளினான். சொந்த முன்கையைக் கடித்தான், பிறகு தள்ளியவன் தோளைக் கடித்தான். சத்துணவு அக்கா வரிசையிலிருந்து வெளியே எடுத்து முதலில் சோறு போட்டார். உடனே அடங்கினான்.’

முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன கிடைத்தது. ‘கோபம்’ என்று ஒரு சொல்கூட இதில் இல்லை, கவனியுங்கள். இப்படி இரண்டு வாரம் எழுதினால் போதும், பெரும்பாலும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சத்தம் என்று கண்ணுக்குத் தெரியும். காலை வழிபாட்டு ஒலிபெருக்கி, மணி அடித்ததும் வகுப்பு மாறும் நெரிசல், வழக்கமான ஆசிரியர் விடுப்பில் போன நாள், காலை உணவு சாப்பிடாத நாள். மேலே உள்ள பிள்ளைக்கு வழி எளிது: மணிக்குப் பத்து நிமிடம் முன்பே சாப்பிட அனுப்புங்கள். ஆனால் அக்கா செய்ததுபோல் கடித்த பிறகு முதல் ஆளாகச் சோறு போடாதீர்கள். சோறு அதே சோறுதான். கடிக்கு முன்பா பின்பா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சில நாட்களுக்குள் திடீரென்று மாறிய நடத்தை என்றால், அட்டையையும் பதிவேட்டையும் விட்டுவிட்டு முதலில் உடம்பைப் பாருங்கள். பேச்சில்லாத பிள்ளைக்கு வலியைச் சொல்ல வேறு வழி கிடையாது. ஒரே பக்கக் காதையோ கன்னத்தையோ அடித்துக்கொள்கிறதா? காதில் சீழ், சொத்தைப் பல். சாப்பிட்ட பின் அழுகிறதா, வயிற்றை மேசை விளிம்பில் அழுத்துகிறதா? மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். நாற்றத்துக்கும் இருட்டுக்கும் பயந்து பள்ளிக் கழிப்பறைக்குள் கால் வைக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அடிக்கிறார்கள் என்றால் அதையும் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதத்தில் அதே நாட்களா என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். நடத்தையைக் கட்டுப்படுத்தத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரை புதிதாகத் தொடங்கியதோ, காசில்லாமல் திடீரென நிறுத்தியதோ, வலிப்பு மருந்து ஒருவேளை தவறியதோ காரணமாகலாம். எனவே மருந்தின் பெயரும் அளவும் மாறிய தேதியும் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும், பிறர் பார்க்காத இடத்தில்.

இன்னொரு காரணத்தைச் சொல்லத் தயங்கக் கூடாது. குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் நடுக்கம், ஆட்டோவில் ஏற மறுப்பு, பழகிய பிறகும் உடையிலேயே சிறுநீர், உடையை மாற்ற விடாமல் அலறல்: இவை ‘நடத்தைப் பிரச்சினை’ பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் வன்முறையை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடுமையான வகைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. வாக்குமூலம் எடுக்கும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெறவும் 26ஆம் பிரிவு வழிசெய்கிறது. சந்தேகம் வந்தால் தலைமையாசிரியர் விசாரணை நடத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

இனி, கைமீறிப் போய்விட்ட அந்த நிமிடம். பிள்ளையை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள், மற்றப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோங்கள். முப்பது பேரை நகர்த்துவது ஒருவனை இழுப்பதைவிடச் சுலபம், காயமும் இல்லை. வகுப்புத் தலைவர் முன்னால், பக்கத்து வகுப்பு வராண்டாவுக்கு, பையை எடுக்காமல். தீயணைப்பு ஒத்திகைபோல் இதை முன்னமே இரண்டு முறை பழக்கியிருக்க வேண்டும். உள்ளே ஒரே ஒருவர்தான் பேச வேண்டும், அதுவும் மூன்று சொல்லுக்குள்: “உக்காரு. தண்ணி இருக்கு.” ‘ஏன் இப்படிப் பண்றே’ என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில், கதவை மறைக்காமல் நில்லுங்கள். போன் கேமராவை எடுப்பவர் யாராக இருந்தாலும் அறையை விட்டு வெளியே போக வேண்டும்.

கடித்துப் பிடித்துவிட்டால் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால்தான் சதை கிழிகிறது. கடிபட்ட பாகத்தை வாயை நோக்கி மெல்ல உள்ளே அழுத்தினால் தாடை தளரும். முடியைப் பிடித்தால், பிடித்த கையின்மேல் உங்கள் கையை வைத்து உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள், இழுவை நிற்கும், பிறகு விரல்கள் தானாக விடும். தலையைச் சுவரில் மோதினால் தலையைப் பிடிக்காமல் இடையில் தலையணையோ சுருட்டிய பாயோ வையுங்கள். இவற்றை வாசித்துக் கற்க முடியாது, ஒருவரோடு ஒருவர் செய்து பார்க்க வேண்டும். அதனால்தான் காணொளிப் பயிற்சியும் கூகுள் படிவத் தேர்வும் போதாது என்கிறோம்.

அடங்கிவிட்டான் என்று தெரிந்ததும் “சாரி சொல்லு” என்று கொண்டுபோய் நிறுத்துவார்கள். இரண்டாவது வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. உடம்பின் படபடப்பு முகத்தைவிட மெதுவாகவே இறங்கும், அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தண்ணீர், அமைதி, தெரிந்த எளிய வேலை. மன்னிப்பும் சரிசெய்வதும் அப்புறம், அல்லது மறுநாள்.

அமுக்கிப் பிடிப்பதைப் பற்றி வளைக்காமல் சொல்கிறோம். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலோ உடம்பின் எடையோ வைத்தால் நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும். பருமனான பிள்ளைக்கும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் அபாயம் கூடுதல். ரிஸ்பெரிடோன் எடையைக் கூட்டும் மருந்து என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ‘மூச்சு முட்டுது’ என்று இந்தப் பிள்ளைகளால் சொல்லவும் முடியாது. திமிறல் சட்டென்று நின்றால் ‘அடங்கிட்டான்’ என்று பிடியை இறுக்குகிறார்கள். அதுதான் மூச்சு நிற்கும் தருணம். வெளிநாட்டுப் பள்ளிகளில் மாணவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். ரோட்டில் பாய்வது, இன்னொருவர் கண்ணில் காம்பஸைக் குத்துவது போல உடனடி உயிராபத்து இருந்தாலொழியப் பிடிக்கக் கூடாது. பிடித்தாலும் நின்றோ உட்கார்ந்தோ, கழுத்து, நெஞ்சு, முதுகு தொடாமல், இரண்டாமவர் முகத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து விலகிய அந்த நொடியே விட வேண்டும். அன்றே எழுத வேண்டும், பெற்றோருக்கும் சொல்ல வேண்டும்.

துப்பட்டாவால் பெஞ்சில் கட்டுவது, ஸ்டோர் ரூமில் பூட்டுவது பற்றி விளக்கமே தேவைப்படக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவமனைக்குக்கூடத் தனியறைப் பூட்டையும் சங்கிலியையும் அனுமதிக்கவில்லை. மருத்துவமனைக்கு இல்லாத அதிகாரம் ஆரம்பப் பள்ளிக்கு எங்கிருந்து வந்தது? அமைதி மூலை வேண்டும்தான், பாயும் திரையுமாக. அதற்குத் தாழ் இருக்கக் கூடாது, பெரியவர் ஒருவரின் கண் பார்வையில் இருக்க வேண்டும், பிள்ளை நினைத்தபோது எழுந்து வர வேண்டும்.

அடிப்பதைவிட ஓடிப்போவதுதான் பள்ளிகள் குறைவாகப் பயப்படும் ஆனால் அதிகம் பயப்பட வேண்டிய விஷயம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கும், ஆழம் தெரியாது. பள்ளியைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறு, குளம், வாய்க்கால், கழிவுநீர்த் தொட்டி, ரயில் பாதை எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து தலைமையாசிரியர் அறையில் ஒட்டுங்கள். காணவில்லை என்றதும் ஒருவர் வகுப்பறைகளில் தேடட்டும், மற்றவர்கள் அதே நிமிடம் தண்ணீர் இருக்கும் இடங்களுக்கு ஓடட்டும். “இங்கதான் எங்கயாவது இருப்பான்” என்று கழியும் பத்து நிமிடம் மிக நீளமானது. வெளி வாசலுக்குப் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் கொண்டி போதும், பூட்டு வேண்டாம். சமீபத்திய புகைப்படம், கூப்பிட்டால் திரும்புவானா, எதைக் காட்டினால் வருவான், பெற்றோர் எண் ஆகியவை ஒரே அட்டையில். இருக்கை சுவரோரம், வாசலுக்கும் அவனுக்கும் நடுவே ஆசிரியர் மேசை. மேசையில் காம்பஸும் வேண்டாம், நிரம்பிய ஸ்டீல் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோவுக்கு மேல் கனம், எறிந்தால் மண்டை உடையும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சாவி, கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் பையை வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. தெளியும்போது குழம்பிப்போய்க் கையை வீசுவான், அதைத் தாக்குதல் என்று எழுதாதீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாக. கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது, 17ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சலையும் தடுக்கிறது. வீட்டுவழிக் கல்வி என்பது கடும் குறைபாடுள்ள பிள்ளை தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமை. தொல்லை தரும் பிள்ளையைப் பெயரளவில் வருகைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே நிறுத்தப் பள்ளிக்குத் தந்த வசதி அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 31ஆம் பிரிவில் 6 முதல் 18 வயதுவரை, குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு எனச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி தருகிறது.

ஆட்கள்? உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டும் என்றது. இங்கே தொகுப்பூதியத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். அவர் புதன்கிழமை வருவார் என்பதற்காகத் திங்கட்கிழமை அடி காத்திருக்காது. மாநிலத்தோடு வந்த சண்டையில் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி) நிதியை நிறுத்தியதும் முதலில் ஆட்டம் கண்டது இவர்கள் சம்பளம்தான், அதில் யார் பக்கம் நியாயம் என்பது தனிப் பேச்சு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அம்மாவை வராண்டாவில் உட்காரவைக்கிறார்கள். அவருடைய நாள் கூலி போகிறது, பிள்ளை வேறு யாருடைய உதவியையும் ஏற்கப் பழகுவதில்லை, அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குத் திட்டமே இல்லை.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் துறை செய்ய வேண்டியவை இவை. இப்படிப்பட்ட பிள்ளை படிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் இருவருக்கு நேரடிச் செய்முறைப் பயிற்சி. ஒருவர் வகுப்பாசிரியர், மற்றவர் தினமும் தவறாமல் அங்கே இருக்கும் சத்துணவுப் பணியாளரோ தூய்மைப் பணியாளரோ, அவருக்கு அதற்கான கூடுதல் ஊதியத்தோடு. ஆறு மாதத்துக்கொரு முறை அந்தப் பயிற்சியை நேரில் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு பக்கப் பாதுகாப்புத் தாள்: எப்போது வெடிக்கும், முன் அறிகுறி என்ன, யார் பேசுவது, மற்றவர்கள் எங்கே போவது, என்ன செய்யவே கூடாது. குப்புற அமுக்குவதையும் கட்டுவதையும் பூட்டுவதையும் பெயர் சொல்லித் தடைசெய்யும் சுற்றறிக்கை. எந்தப் பிள்ளையையும் நேரத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பினால் அந்த மணிநேரத்தை, பள்ளிகளின் இணையவழிப் பதிவேடான எமிஸில் தனியாகப் பதிய ஒரு கட்டம். அப்போதுதான் மாநிலம் முழுக்க எத்தனை பிள்ளைகள் காகிதத்தில் மட்டும் பள்ளிக்கு வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாதத்துக்கு மூன்று முறைக்கு மேல் போனால் வட்டார வள மையக் குழு பள்ளிக்கு வந்தாக வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் மற்றப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “எங்க பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தப் பிள்ளையின் நோயும் மருந்தும் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் வகுப்பை வெளியே நகர்த்தும் ஏற்பாடு இருக்கிறதா, பயிற்சி பெற்ற இருவர் யார், கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பாதுகாப்புத் தாளின் மாதிரியையும் பதிவுப் படிவத்தையும் சுற்றறிக்கையின் வரைவையும் எழுதித் தர நாங்கள் தயார். எந்த அலுவலகத்தில், யாரிடம், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுத்துமூலம் பதில் கேட்கிறோம்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள், தெரபிஸ்டுகள், உளவியலாளர்கள் சிலர்